சரசு மாமியின் மீன்காரி

நான் இப்போது வாழும் வெளிநாட்டு நகரில், மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் நான் கொண்டுபோன படத்தின் பழைய கண்ணாடியைக் கழற்றியதும் சுண்ணப்பொடி வாசம் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் அப்பாவின் அக்கா, என் சரசு மாமி, படம் வரைந்த அறையின் வாசம் அது. பாஸ்டல் என்னும் வண்ணக் கட்டிகளால் மாமி முகங்கள் வரைவார். தூள் பறக்குமென்று யன்னலைப் பூட்டிவிடுவார். வியர்வையைப் புறங்கையால் துடைத்துத் துடைத்து அவர் நெற்றியெல்லாம் நீலமாகிவிடும்.

ஒருமுறை, அவர் வரைந்த மீன்காரியின் படம் நகரக் கண்காட்சிக்குத் தெரிவானது. படத்தை எடுத்துப்போக வந்த செயலாளர், "கீழை உங்கடை புருசன்ரை பேரைப் போட்டுத் தாங்கோ" என்றார்.

"அவருக்கு ஒரு கோடு கீறவும் தெரியாது" என்றார் மாமி.

"பொம்பிளைப் பேரெண்டால் ஆக்கள் மதிக்கமாட்டினம்."

"அப்ப படம் வராது."

அன்றைக்கே மாமி அதைத் தெருவைப் பார்த்த விறாந்தைச் சுவரில் மாட்டினார். கண்காட்சிக்குப் போனவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். கடைசி நாள் செயலாளரும் வந்து, படத்தின் முன் நெடுநேரம் நின்றார். மாமி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார், படத்தைக் கொடுக்கவில்லை.

"இதை எங்கை அம்மா மாட்டப் போறியள்?" சட்டக் கடைக்காரர் மீன்காரியைப் பார்த்தபடி கேட்டார்.

"பக்கத்து ஊர் திரான்சியிலை கண்காட்சி வைக்க ஒரு மண்டபம் கேட்டிருக்கிறன் தம்பி. மாமியின்ரை படங்கள் வீட்டிலை இன்னும் கிடக்கு. எல்லாத்தையும் கொண்டு வாறன்."