நைனா கை நீட்டிய ஒரே இடம்

பாப்பா, தம்பி, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் "சாப்ட்டீங்களா" என்று கேட்டு முடித்துவிட்டேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பாப்பா திருத்திக்கொள்.

தாத்தாவின் கருமாதிக்கு வந்தவர்கள் என்னைப் பற்றிப் பேசியது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். "சுகர்னு தெரிஞ்சதுலேர்ந்து அப்பன எப்படி பாத்துக்கினான் பாரு. பெத்தா இவன மாதிரி ஒருத்தன பெக்கணும்" என்று என் அத்தை சொன்னபோது, பாப்பா, நீ என்னைப் பெருமையாகப் பார்த்தாய். நான் சொம்பை எடுத்துக்கொண்டு பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பாய். அது அடக்கம் இல்லை.

அன்று சாயங்காலம் தம்பி என்னிடம் ஒன்று கேட்டான். "நான் முந்திரிய காட்டினதாலதானேப்பா தாத்தா கோயிலுக்குப் போறத நிறுத்திட்டாரு?" அப்போதும் "சாப்ட்டியா" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். தம்பி, அதற்குப் பதில்தான் இது.

என் நைனா, அதுதான் உங்கள் தாத்தா, முப்பது வருஷத்துக்கு மேல் கீழ்பென்னாத்தூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வேலையை விட்ட பிறகும் பேச்சு போகவில்லை. நம் வீட்டில் நாலு பேர் கூடி நின்றால் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பார். யார் வீட்டுக் கல்யாணத்திலும் இரண்டாம் தடவை சாம்பார் கேட்கமாட்டார். தருமம், இனாம், கைமாத்து எதுவும் பிடிக்காது. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் சர்க்கரைப் பொங்கலுக்கு வரிசையில் நிற்பார். நான் ஒரு தடவை கிண்டல் பண்ணினேன். "இன்னா நைனா, அங்க மட்டும் கை நீட்டுறியே?"

"பஸ்ஸுல நீட்னது மொதலாளிக்குடா. எனக்குன்னு கை நீட்டுற எடம் இது ஒண்ணுதான்" என்றார்.

பொங்கலை அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, முந்திரியை மட்டும் இலைக்கிழிசலில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். அது உங்களுக்கு. நெய்க்கறை போகவில்லை என்று உங்கள் அம்மா சத்தம் போடுவாள். "மாமா, ஒரு கவராச்சும் எடுத்துட்டுப் போங்களேன்!" அவர் சிரிப்பார்.

பிறகு காலில் புண் வந்தது. ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவரைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். "பெத்த அப்பாவ பாத்துக்கத் தெரியாதா உங்களுக்கு? கால எடுக்கணும்னா அப்ப ஒத்துப்பீங்களா?" எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் சர்க்கரை டப்பாவை மேல் பரணில் ஏற்றினேன். சோற்றை அளந்து போடச் சொன்னேன். அவர் எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமைதான், தம்பி, நீ உள்ளங்கையை விரித்து இரண்டு முந்திரியைக் காட்டினாய். "தாத்தா குடுத்துச்சு" என்று சந்தோஷமாகத்தான் சொன்னாய். பொங்கல் இன்னும் நடக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்து அறையில் இருந்தவரிடம் போய், "நைனா, பயமா இருக்குது, அத மட்டும் வுட்டுடு" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்பாவிடம் அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. மறுநாள் காலையில் லோடு ஏற்றப் போகும் வழியில் வண்டியைக் கோயில் முன்னால் நிறுத்தி, குருக்களிடம் சொன்னேன்.

"சாமி, எங்க நைனாவுக்கு இனிமே பொங்கல் குடுக்காதீங்க. சுகர் ஜாஸ்தியா இருக்குது."

குருக்கள் தயங்கினார். சின்ன வயதில் நைனாவின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர் அவர். "பிரசாதத்த எப்டிங்க இல்லன்னு சொல்றது? கம்மியா போடறேனே."

"கம்மியும் வேணாம் சாமி. கேட்டா நான் சொன்னேன்னே சொல்லுங்க."

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. நாலு பேர் முன்னால் நான் வாங்கிய திட்டை, நாலு பேர் முன்னால் அவருக்குக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, நல்ல காரியம் செய்ததாக நினைத்து வண்டியை எடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த வெளியூர் வண்டிகளை நம் தெருவுக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். வேங்கிக்காலில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய நான், சரியாகக் கோயிலுக்கு எதிரே நெரிசலில் மாட்டிக்கொண்டேன். வரிசையில் நைனா நின்றிருந்தார். இடது கையின்மேல் வலது கையை வைத்து நீட்டினார். குருக்கள் குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னார். கரண்டி அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போனது.

நைனாவின் கை உடனே இறங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தக் கை நீட்டியபடியே நின்றதை நான் பார்த்தேன்.

பின்னால் நின்ற ஒருவர், "பெரியவரே, நகருங்க" என்றார். வாசலில் பூ விற்கும் அம்மா விவரம் தெரியாமல் கேலி பண்ணினாள். "இன்னா கண்டக்டரே, உங்களுக்கே டிக்கெட் இல்லியா?"

நைனா சிரித்தார். "என் ஸ்டாப்பிங் வந்துடுச்சும்மா. எறங்கிட்டேன்."

நான் இறங்கிப் போயிருக்கலாம். பத்து அடி தூரம். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், நான் வண்டியை நகர்த்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஒன்றும் தின்னாத கையை ரொம்ப நேரம் கழுவினார். என்னைப் பார்த்து, "வந்துட்டியா? தெருவுல கூட்டம் ஜாஸ்தி" என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் டிவி பார்த்தார். தம்பி முந்திரி கேட்டதற்கு, "சாமி வீட்ல முந்திரி தீந்துடுச்சுடா" என்றார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது கோயில் பக்கம் வண்டி திரும்பினால், "அந்தாண்ட போடா, இங்க கூட்டம்" என்பார். தெருவில் ஒரு நாய்கூட இருக்காது. நானும் சரி என்று வண்டியைத் திருப்புவேன். புண் ஆறியது. சர்க்கரை இறங்கியது. டாக்டர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது தேவைதான். ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியதை ஊராரிடம் சொன்னேன். அதற்கப்புறம் எட்டு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். ஒரு வார்த்தை, "நைனா, நான் அப்படி சொல்லியிருக்கக் கூடாது" என்று ஒரே ஒரு வார்த்தை, தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

தம்பி, நீ காட்டியது இரண்டு முந்திரி. அதில் ஒரு தப்பும் கிடையாது. தாத்தா கோயிலுக்குப் போகாமல் நின்றது என்னால். இனிமேல் அதை நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் டியூஷனில் இருந்தபோது நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது கையை நீட்ட முடியவில்லை. குருக்கள் என்னைப் பார்த்தார். கரண்டியோடு காத்திருந்தார். பின்னால் நின்றவர் "நகருங்க சார்" என்றார். இடது கையின்மேல் வலது கையை வைத்து நீட்டினேன். குருக்கள் இலையில் வைத்துக் கொடுத்த பொங்கல் சூடாக இருந்தது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். மூன்று முந்திரி கிடைத்தது. இலையில் ஓரமாகக் கொஞ்சம் கிழித்து, அவற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.