வீட்டுக்குச் சொல்லட்டுமா?

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் மாணவரோடு பேசும்போது கதவைச் சாத்துவதில்லை. வெளியே பனி கொட்டினாலும், நடைவழியெல்லாம் குளிர் ஊர்ந்தாலும், கதவின் அடியில் ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். கனடாவுக்கு வந்த புதிதில் எனக்கு இது பிடிபடவில்லை. சீக்கிரம் பேசிவிட்டுக் கிளம்பு என்று சொல்லாமல் சொல்கிறார்களோ என்று நினைத்தேன். ஒருநாள் மரியாதைக்காக நானே எழுந்து கதவைச் சாத்தப் போனேன். எதிரே இருந்த வயதான பேராசிரியர் பதறி, "வேண்டாம் வேண்டாம், திறந்தே இருக்கட்டும்" என்றார். மனிதருக்குப் புழுக்கமாக இருக்கிறதாக்கும் என்று எண்ணி ஜன்னலையும் திறந்துவிட்டேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு பேசி முடித்தார். மாணவருடைய பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று பிறகு ஒருவர் விளக்கியபோது சிரிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. அன்று பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் பீளமேடுதான் கண்ணுக்குள் நின்றது.

நான் கோவை கணபதிக்காரி. அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஒரு லேத் பட்டறை. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். கடைசி வருடம் எனக்கு ப்ராஜெக்ட் கைடாக இருந்தவர் ஊரில் நல்ல பேர் எடுத்தவர். ஒரு மத்தியானம், கருவிகள் வைத்திருக்கும் அறையைச் சாத்திவிட்டு அவர் என்மேல் கை வைத்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. அதற்குமேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. வாசிப்பவர்களுக்கு அது போதும்.

கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்ற என்னை என் வகுப்புத் தோழி ஸ்டெல்லாதான் முதலில் பார்த்தாள். ஞாயிறுதோறும் பங்குக் கோயிலில் பாடுகிறவள், வகுப்பில் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்ளும்போது எழுந்து கேள்வி கேட்கிறவள். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "போய்ச் சொல்லிப்போடலாம். நானும் கூட வாரேன்" என்றாள். இருவரும் துறைத்தலைவர் அம்மாவிடம் போனோம்.

அந்த அம்மா ஒரு சொல்கூடக் கடுமையாகப் பேசவில்லை. உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். "ஏனுங் கண்ணு, இதெல்லாம் வெளிய பேசற விசயமுங்களா? ஊட்டுக்குச் சொல்லட்டுமுங்களா? அப்பாவை வரச்சொல்லட்டுமுங்களா?" என்றார். வேண்டாமுங்க மேடம் என்றேன். நான் எதிரில் இருக்கும்போதே போனை எடுத்தார்.

பிறகு விசாரணைக் குழு கூடியது. அதில் ஒருவர் என் கைடோடு தினமும் ஒரே காரில் கல்லூரிக்கு வருகிறவர். ஸ்டெல்லாவை உள்ளே விடவில்லை. "தனியா எதுக்குங் அம்மணி போனீங்க?" "ஒரு சத்தம் போட்டிருக்கலாமுங்களே?" "இன்னுங் கொஞ்ச நாள்ல டிகிரி வாங்கிருவீங்க, எதுக்குங் வம்பு?" கொங்குத் தமிழின் மரியாதையை வெளியூர்க்காரர்கள் யாராவது மெச்சும்போது எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும். கடைசிவரை ஒருவர்கூட 'ங்க' போடாமல் பேசவில்லை. அத்தனை பதவிசாக என்னைப் பொய்க்காரி ஆக்கினார்கள். எனக்கு வேறு கைடைக் கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் பழைய கைடு சொந்த விருப்பத்தின் பேரில் வேறு கல்லூரிக்குப் போனார். சால்வை போட்டு, விருந்து வைத்து அனுப்பினார்கள்.

துறைத்தலைவர் போன் போட்ட அன்று அப்பா பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார், சட்டையில் கிரீஸ். துறைத்தலைவர் அம்மா பேசியதையெல்லாம் நின்றுகொண்டே கேட்டார். திரும்பும் வழியில் ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தி டீ சொன்னார். அவருடைய டீ ஆடை கட்டி ஆறிப்போனது. "உன்ற மேல ஒரு தப்புமில்லை கண்ணு, எனக்குத் தெரியும்" என்றார். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, "ஆனா இந்த ஊரு உன்னைய நிம்மதியா உடாது. வெளிநாட்டுல படிக்கறதுன்னா போயிரு சாமி. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். நான் மேல்படிப்புக்குப் போனதாகச் சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் கை வைத்தவர் கோவையிலேயே இருந்தார், ஊரை விட்டுப் போனது நான்.

இத்தனைக்கும் பிறகு அந்த ஊருக்காக ஏங்குகிறாயா என்று கேட்டால், ஏங்குகிறேன். இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது. அவிநாசி ரோட்டில் சாயங்கால நெரிசலில் பஸ் நகராமல் நிற்க, "உள்ள போங்க்கா, உள்ள போங்" என்று நடத்துநர் கெஞ்சுவதற்காக ஏங்குகிறேன். ஸ்டெல்லாவும் நானும் ஒரு தேங்காய் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே நடந்த பாதைக்காக ஏங்குகிறேன். துறைத்தலைவர் அறையில் கேட்ட அதே 'கண்ணு'வை வேறொரு வாயிலிருந்து கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்குகிறேன். இங்கே என் பெயரைச் சுத்தமாக உச்சரிக்கப் பழகிக்கொண்ட நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

போன குளிர்காலத்தில் என் ஆய்வகத்துக்கு ஒரு பெண் வந்தாள். நிவேதா என்று வைத்துக்கொள்வோம். அவிநாசிக்காரி, முதுகலை படிக்க வந்து முதல் வருடம். நான் இங்கே ஆய்வகப் பொறுப்பாளர், அவளுக்கு எங்கள் பக்கத்துப் பேச்சைப் பேசும் ஒரே ஆள். "அக்கா, ஒண்ணு சொல்லோணுங்க" என்று ஆரம்பித்தாள். அவள் வகுப்புக்குப் பயிற்சி நடத்தும் ஓர் ஆராய்ச்சி மாணவன் அவளிடம் அத்துமீறியிருந்தான். கனடாக்காரன்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசவில்லை. பிறகு, "போய்ச் சொல்லலாமா? நான் கூட வாரேன்" என்றேன். ஸ்டெல்லாவின் வார்த்தைகள் என் வாயில் வந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

இதற்கென்றே இங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது. மார்கரெட் என்ற பெண்மணி எங்களை வரவேற்றார். நான் கூட இருக்கலாமா என்று நான் கேட்கவில்லை, அவரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏன் போனாய், ஏன் கத்தவில்லை என்று ஒரு கேள்வியும் வரவில்லை. "இனி என்ன நடக்க வேண்டும் என்று நீ விரும்புகிறாய்?" என்றார். நன்றாக இங்கிலீஷ் தெரிந்த நிவேதா, விளங்காதவள்போல என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் எந்த மொழியிலும் கேட்டதில்லை. அடுத்து மார்கரெட் கனிவோடு, "உன் வீட்டுக்குச் சொல்லட்டுமா?" என்றார்.

நிவேதா பையை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "நோ மேடம், ப்ளீஸ். ஐ டோன்ட் வான்ட் கம்ப்ளெய்ன்ட்" என்றாள். மார்கரெட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் குரலில் என்ன தவறு என்று தேடுகிறவர்போல என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் அந்தக் கேள்வி ஒரு மிரட்டல் என்று விளக்கினேன். "துணைக்கு யாராவது வேண்டுமா என்றுதான் கேட்டேன்" என்றார் மெதுவாக.

இந்த நாடு சொர்க்கம் என்று எழுத மாட்டேன். அவளை மருத்துவரிடம் அனுப்பினார்கள், தேர்வைத் தள்ளிவைத்தார்கள், விசாரணை முடியும்வரை அவன் அந்தக் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்றார்கள். ஆனால் விசாரணை குளிர்காலம் முழுக்க இழுத்தது. அவன் வக்கீல் வைத்தான். நடந்ததையே ஆள் மாற்றி ஆளிடம் அவள் சொல்ல வேண்டியிருந்தது. மனநல ஆலோசகரிடம் அவளுக்கு ஒதுக்கிய நேரமும் தீர்ந்துபோனது. "எல்லாஞ் சரியாத்தானுங்க்கா செய்யறாங்க" என்றாள் ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து. "ஆனா அழுவறதுக்கு எனக்கு இங்கிலீசு வர மாட்டேங்குதுங்க."

அன்றுதான் அவளாகவே அம்மாவுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் இருக்கச் சொன்னாள். நடந்ததை ஸ்பீக்கரில் சொல்லி முடித்தாள். அவிநாசி வீட்டில் குக்கர் விசில் மட்டும் வந்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள். பிறகு அந்த அம்மா, "நான் வாரேன்" என்றார்.

"எப்புடிம்மா வருவீங்க? பாஸ்போர்ட்டே இல்லீங்களே."

"எடுத்துப்போட்டு வாரேன். நீ தகிரியமா இரு கண்ணு."

பனி உருகும் நாட்களில் நிஜமாகவே வந்துவிட்டார். அதற்குள் விசாரணையும் முடிந்திருந்தது. நிவேதா சொன்னது உண்மை என்று ஏற்று அவனைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கியிருந்தார்கள். அந்த அம்மா மார்கரெட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "என்ற புள்ள சொன்னதை நம்புனீங்களே, அது போதுமுங்க" என்றார். மொழிபெயர்த்தேன். "ஆஃப் கோர்ஸ்" என்றார் மார்கரெட், இதில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல. என்ன சொல்றாங்க என்று அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். அந்த இரண்டு சொற்களை எப்படித் தமிழாக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. "சந்தோசமுங்கறாங்க" என்று சொல்லிவைத்தேன்.

கோடையில் நான் ஊருக்குப் போனேன். கோவை விமான நிலையம் பீளமேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அப்பா காரைக் காளப்பட்டி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் கணபதிக்கு ஓட்டுவார். ஏனென்று நான் கேட்டதில்லை. இந்த முறை, "நேராப் போங்கப்பா, ஸ்டெல்லா காலேஜ்கிட்ட நிக்கறேன்னு சொல்லியிருக்கா" என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவிநாசி ரோட்டில் வண்டியை விட்டார்.

ஸ்டெல்லா ஊரை விட்டு எங்கும் போகவில்லை. அதே கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தாள், இப்போது விசாரணைக் குழுவிலும் இருக்கிறாள். அதற்காக அவள் யாரோடெல்லாம் மல்லுக்கு நின்றாள் என்பது தனிக்கதை. "போன மாசம் ஒரு புள்ள அழுதுட்டு வந்துச்சு" என்று ஃபோனில் சொல்லியிருந்தாள். "ஊட்டுக்குப் போன் போடப் பாத்தாங்க. அந்தப் புள்ள சொல்லாம யாரும் போட வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன்."

கல்லூரி விட்டிருந்த நேரம். பெண்கள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற ஸ்டெல்லாவுக்கு முன்நெற்றியில் நரை. என் கையைப் பிடித்து, "உள்ள வாடி, என்ற ரூமைப் பாத்துட்டுப் போலாம்" என்று இழுத்தாள். ரோட்டோரம் அப்பா என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார், என் பெட்டிகள் பின்சீட்டில் இருந்தன. கேட்டுக்கு நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒரு மாணவி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு கேட்டாள்: "ஏனுங்க்கா, உள்ள போறீங்களா, வெளிய வாரீங்களா?"

அவளுக்கு வழிவிட்டு நின்றேன்.