ஸ்டியரிங்கைத் தொட்டவர்

அபுதாபியில், தானாக ஓடும் டாக்ஸியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு டியூட்டி. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே அமர்ந்தபோதும் இரண்டு கைகளையும் தொடைமேல் மல்லாத்தி வைத்திருந்தார். வண்டிக்குள் இருக்கும் கேமராவுக்குத் தெரிய அப்படித்தான் வைக்க வேண்டுமாம். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை, ராமநாதபுரத்துப் பேச்சு.

குறுக்கே வந்த டெலிவரி பைக்குக்காக ஸ்டியரிங்கை ஒடித்து, சாலையோரத் தடுப்பில் வண்டியை உரசியிருந்தார். தொட்ட நொடியிலிருந்து ஓட்டியவர் அவர்தான் என்று ஆகிவிட்டது. தவறு செய்தவருக்குக் கொடுக்கும் சிவப்புத் தாளைப் போலீஸ் அவர் பெயரில் எழுதியிருந்தது.

"தொடாம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"வண்டியே நின்னிருக்கும்னு கம்பெனியில சொல்றாங்க சார். நிக்கலேன்னாலும் தப்பு அவங்க பேர்ல போயிருக்கும். எனக்கு வேலை இருந்திருக்கும்."

"அப்புறம் ஏன் தொட்டீங்க?"

கைகளைப் பார்த்தபடி சொன்னார்.

"பைக்குல வந்தவன் என் மூஞ்சியத்தான் சார் பார்த்தான்."

படிவத்தில் விபத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் அதை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.