மூன்று கிளிப்பும் நாலாவது விக்கெட்டும்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். ஹாலில் பிரம்பு நாற்காலியில் ஹவுஸ் ஓனர். சமையலறை வாசலில் முறமும் அரிசியுமாக ஓனரம்மா. டிவிக்கு முன்னால் தரையில் சப்பணம் போட்டு, மாடி ரூமில் குடியிருந்த டெய்லர். ஜன்னலோரம் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. பின்பக்கம் எங்கள் ஒற்றை ரூமில் பாத்திரங்களைக் கோணியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்த அம்மா. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் நான். ஏழாவது ஆள் கிடையாது. இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் சொந்தக்காரர்களில் நாலைந்து பேர் தாங்களும் அன்றைக்கு அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நம்பாதீர்கள்.

எந்த வருஷம், எந்த நாட்டு டீம் என்று சொல்லப்போவதில்லை. பெங்களூரில் ஸ்கோரையெல்லாம் தலைக்குள் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நான் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று சொல்ல, கடைசியில் இவள் சொல்வது எல்லாமே பொய் என்று ஆகிவிடும். டெஸ்ட் மேட்ச், கடைசி நாள், நம்ம ஆட்கள் பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். அது போதும்.

வீடு சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. ஸ்டேடியம் கூப்பிடு தூரம். நிஜமாகவே கூப்பிடு தூரம்தான். அங்கே ஜனங்கள் கத்தினால் எங்கள் மொட்டை மாடியில் கேட்கும். அப்பா வேலை தேடி ஓசூருக்குப் போய் அரை வருஷம் ஆகியிருந்தது. போகும்போது, வேலை கிடைத்ததும் திருப்பிக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லி ரூம் அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டு போனார். முதல் மாசம் பணம் வந்தது. அப்புறம் போன் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. நாலு மாச வாடகை நின்றுபோய், மறுநாள் காலையில் ரூமைக் காலி செய்ய வேண்டும் என்று ஓனரம்மா கெடு வைத்திருந்தார்.

ஓனரை நாங்கள் ஓனர் என்று கூப்பிட்டதெல்லாம் மரியாதைக்குத்தான். வீடு ஓனரம்மா பேரில் இருந்தது. அவருடைய அப்பா கொடுத்தது. வாடகை வாங்குவது, மோட்டார் போடுவது, யார் எத்தனை குடம் பிடித்தார்கள் என்று பார்ப்பது எல்லாம் அவர் இலாகா. சர்க்கார் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆன ஓனருக்கு டிவி ரிமோட் மட்டும்தான் சொந்தம்.

ஓனருக்கு பேட்டிங் பிடிக்காது. அந்த ஸ்டேடியத்தில் சிமெண்ட் படியில் பேப்பரை விரித்து உட்கார்ந்து தான் பார்த்த பௌலர்களைப் பற்றித்தான் பேசுவார். கைக்குட்டை அளவு இடத்தில் பந்தைத் திரும்பத் திரும்பக் குத்தி ஒரு டீமையே மூட்டை கட்டி அனுப்பிய இடதுகைக்காரர். சாப்பாட்டு வேளைக்குள் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய வேகப்பந்துக்காரர். இவ்வளவும் ஒரே ஆள் கண்ணால் பார்த்திருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். "ரன்னு எவன் வேணா எடுப்பான். விக்கெட்டைக் கேட்டுத்தான் வாங்கணும். கேக்கலைன்னா அம்பயர் கையைத் தூக்கமாட்டான்," என்பார்.

மாமாவின் தந்திரம் அந்த மேட்சின் முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேடியம் பக்கமிருந்து சத்தம் வெடித்தது. விக்கெட் விக்கெட் என்று கீழே ஓடினேன். ஹாலில் மாமா மட்டும் இருந்தார். ஓனர் பால் வாங்கப் போயிருந்தார். டிவியில் பௌலர் அப்போதுதான் பந்தைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். மெதுவாக வந்தார், போட்டார், ஸ்டம்ப் சாய்ந்தது. மாமா டிவியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. சீட்டுக் கம்பெனியில் அம்மாவின் கம்மலைப் போட வைத்தபோதும் மாமா அப்படித்தான் பார்த்தார்.

என்னை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போய் விளக்கினார். சத்தம் நேராக வந்துவிடும். படம் வானத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரவேண்டும். ஆகவே மாடியில் இருப்பவளுக்கு விக்கெட் முதலில் தெரியும், ஹாலில் இருப்பவர்களுக்குப் பிறகுதான் தெரியும். நான் செய்ய வேண்டியதெல்லாம் சத்தம் கேட்டதும் கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்து ஜன்னலுக்கு நேராக முற்றத்தில் போடுவது. மிச்சத்தை மாமா பார்த்துக்கொள்வார்.

தப்பாகிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். நான் இருக்கிறேன் என்றார். மாமா எப்போதும் சொல்வது அதுதான். தப்பாகும்போது அவர் மட்டும் இருக்கமாட்டார்.

கடைசி நாள் டீ இடைவேளைக்குப் பிறகு மாமா ஓனரிடம் பேச்சைத் தொடங்கினார். பௌலர் ஓடிவருவதற்கு முன்பே தான் அவுட் கேட்பதாகவும், விழுந்தால் அக்காவின் பாக்கியில் ஒரு மாசம் கழிய வேண்டும், விழாவிட்டால் ஒரு மாசம் கூட வேண்டும் என்றும் பந்தயம். ஓனர் சம்சாரத்தைப் பார்த்தாராம். ஓனரம்மா முறத்தை இரண்டு தட்டுத் தட்டி யோசித்தார். ஒரு பந்தில் விக்கெட் விழுவது என்ன லேசான காரியமா? நாலு மாச பாக்கி எட்டு மாச பாக்கியாக வளரும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆகட்டும் என்றார். உடனே ஓனர் மாமாவை ஜன்னல் பக்கம் காற்று வரும், அங்கே உட்கார் என்றாராம். கமெண்ட்ரி தலைவலி என்று டிவி சத்தத்தையும் குறைத்தாராம். இதெல்லாம் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "கிழவனே போய் வலையில உக்காந்தான் பாரு," என்று சிரிப்பார்.

மாடியில் என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் ஸ்டேடியம் கேட்காமல் போய்விடுமோ என்று பயந்தேன். மூன்று நாலு நாளில் சத்தங்களை ஓரளவு பிரித்துவைத்திருந்தேன். ஃபோர் அடித்தால் சத்தம் ஏறி, கைதட்டலாகக் கொட்டி நிற்கும். அம்பயர் இல்லை என்று தலையாட்டிவிட்டால் ஓ என்று எழுந்து அப்படியே சப்பென்று உட்காரும். விக்கெட் என்றால் ஒரே வெடி, அதற்கப்புறம் விசில், அது நிற்கவே நிற்காது. ஆனால் வெடிக்கும் ஓவுக்கும் நடுவே மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். ஒரு தடவை கிளிப் பாதி விரலில் தொங்கும்போது சத்தம் சப்பென்று உட்கார்ந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

முதல் வெடி. சிவப்புக் கிளிப்பைப் போட்டேன். கீழே கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டெய்லரின் கூச்சல். இரண்டாவது, நீலம். அதற்குப் பிறகு டெய்லர் மாமாவின் காலைத் தொட்டு, அப்படியே ஒரு லாட்டரி நம்பரும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டாராம். மூன்றாவது, மறுபடியும் சிவப்பு. எல்லாம் ஒரே ஸ்பின்னர் எடுத்தது. அந்த மனிதர் அங்கே வேர்த்து விறுவிறுத்து எடுத்த ஒவ்வொரு விக்கெட்டும் இங்கே எங்களுக்கு ஒரு மாச வாடகையாகிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. இன்னும் ஒன்று போதும். நாங்கள் அந்த ரூமிலேயே இருக்கலாம், நான் அதே ஸ்கூலுக்கு நடந்தே போகலாம்.

ஓனரம்மாவுக்கு அப்போது சந்தேகம் வந்துவிட்டது. மாமா மேல் இல்லை. மூன்று மாசம் போன எரிச்சலில் முற்றத்துக்கு வந்தவர் தரையில் கிடந்த கிளிப்புகளைப் பார்த்தார். ரஸல் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய அவருடைய கிளிப்புகள். தண்ணீரைக் குடம் குடமாகக் கணக்குப் பார்ப்பவர் கிளிப்பை விடுவாரா? மாடிப்படி அதிர ஏறி வந்தார்.

"ஏய், காயப்போட்ட துணியில இருந்து கிளிப்பைப் பிடுங்கி கீழ போட்டு என்ன ஆட்டம்? கை சும்னே இருக்காதா உனக்கு?"

கையில் மிச்சமிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து என்னைக் கீழே இழுத்துப் போனார். பாதிப் படியில் இருக்கும்போது வெடித்தது. அந்த ஐந்து நாளில் நான் கேட்டதிலேயே பெரிய சத்தம். பட்டாசுகூடக் கேட்டது. என் கையில் கிளிப் இல்லை.

ஹாலுக்குள் நுழைந்தபோது டிவியில் பௌலர் ஒரு ஃபீல்டரைக் கைகாட்டிப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் பந்து போடவில்லை. மாமா ஜன்னலைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார், என் கையைப் பிடித்திருந்த ஓனரம்மாவைப் பார்த்தார். விழுந்துவிட்டது, கேளுங்கள் என்று நான் தலையைத் தலையை ஆட்டினேன். நான் அழுகிறேன் என்று மாமா நினைத்துக்கொண்டார். ஓனரம்மா பக்கத்தில் நிற்கும்போது வாயைத் திறந்து சொல்லவும் முடியாது.

ஓனர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஏன்பா, இந்தப் பந்துக்குக் கேக்கலையா?"

மாமா மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார்.

"கேளு. சும்மா கேளு."

"வேணாம் சார்," என்றார் மாமா. "இது வேணாம்."

ஓனர் திரும்பி ஒரு தடவை மாமாவைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பௌலர் வந்தார். பந்து திரும்பி, பேட்டின் ஓரத்தில் பட்டு, பக்கத்தில் நின்றவர் கைக்குப் போனது. அதுதான் கடைசி விக்கெட். மேட்ச் முடிந்துவிட்டது. டெய்லர் எழுந்து குதித்தார். ஓனரம்மாகூட என் கையை விட்டுவிட்டு ஒரு தடவை தட்டினார். டிவியில் அந்த ஸ்பின்னர் பந்தை உயர்த்திக் காட்டிக்கொண்டே நடந்தார். ஓனர் மட்டும் முழங்காலில் கையை ஊன்றி, நம்ம ஆட்கள் தோற்றுப்போன மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் மாமா என் காதில் சொன்னார். "பாத்தியா கண்ணு, எப்படி மாட்டிவிடப் பாத்தான்? சிக்னல் இல்லைன்னு தெரிஞ்சுதான் தூண்டிவிட்டான். நான் சிக்குவேனா?" அவருக்கு ரொம்பப் பெருமை. நானும் அதையே நம்பினேன். ஓனரை அன்றைக்கு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போனது.

கொஞ்ச நேரத்தில் ஓனர் எங்கள் ரூம் வாசலுக்கு வந்தார். அதுவரை அவர் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. உள்ளே கால் வைக்காமல் நின்று, மூன்று மாசம் கழிந்துவிட்டது, வீட்டில் அவளும் ஒத்துக்கொண்டாள், ஒரு மாசம்தானே, மெதுவாகக் கொடுங்கள், பாத்திரத்தையெல்லாம் கட்ட வேண்டாம் என்றார். அம்மா தலையை நிமிர்த்தாமல் சரிங்க என்றார். அவர் போனதும் கோணியின் வாயை அவிழ்ப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினார்.

மாமா ஏன் என்று கேட்டார். ஜெயித்துத்தானே வாங்கினோம் என்றார்.

"ஒரே சாயங்காலத்துல மூணு மாசத்தை விடறவரு, அப்புறம் வந்து என்னடா கேப்பாரு? புருஷன் பக்கத்துல இல்லாதவகிட்ட?"

மறுநாள் காலையில் லக்கேஜ் ஆட்டோவில் நீலசந்திராவுக்கு, மாமா வீட்டுக்குப் போனோம். அங்கிருந்து என் ஸ்கூலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பாதி வருஷத்தில் பக்கத்து ஸ்கூலில் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் நான் ஆஸ்டின் டவுனில் ஒரு தையல்கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு ரெடிமேட் கடையில் வேலை. போன வருஷம் ஒரு மேட்ச் அன்றைக்கு, கஸ்டமர் ஒருவர் போனில் ஆட்டம் பார்த்துக்கொண்டே சட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டேடியம் பக்கமிருந்து வெடித்தது. வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் தலையைக்கூடத் தூக்காமல், போச்சு ஒண்ணு என்றார். போனில் அது வருவதற்குள் நான் ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஸ்டேடியத்தைச் சுற்றி இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே, டிவி எப்பவும் லேட் என்றார். மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தேன்.

ஓனர் அந்தச் சந்திலேயே பிறந்தவர். எதிர்வீட்டுப் பெண்ணைத்தான் கட்டியிருந்தார். ரிட்டயர் ஆன பிறகு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு டிவி பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது. கேளு, சும்மா கேளு என்று அவர் சொன்னபோது அந்தச் சத்தம் எனக்குக் கேட்ட மாதிரி அவருக்கும் கேட்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரியே அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "தெரிஞ்சே தோத்தாரா? அப்ப நான் கிளம்பினது இன்னும் சரி," என்றார்.

யார் சொல்வது சரி என்று எனக்கு இப்போதும் நிச்சயமில்லை. சம்சாரத்துக்குத் தெரியாமல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற அவருக்கு இருந்த ஒரே வழி தோற்பதுதானோ என்று ஒரு சமயம் தோன்றும். தனியாக இருந்த பெண்ணுக்குக் கெட்டிப் பூட்டைவிடச் சந்தேகம்தான் துணை என்று இன்னொரு சமயம் தோன்றும். மணிக்கட்டைப் பிடிக்கக் கொடுத்துக்கொண்டு நின்ற பதினொரு வயதுப் பெண்ணுக்கு இந்த இரண்டில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கிழவர் எங்களைப் பார்த்துக் கெஞ்சினதைப் பொறி என்று எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஓனர் இப்போது இல்லை. ஓனரம்மா எங்கேயோ மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அந்த நாலாவது மாச வாடகையை யாரும் கேட்டு வரவில்லை, நாங்களும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.