மணல்மேட்டில் நின்றவர்

பூனாவின் வானவடியில் விசாலாக்ஷியை எக்ஸ்ரே மாமி என்றால்தான் தெரியும். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி இருட்டறையில் பிலிம் கழுவியவள். ஓய்வு பெற்ற கையோடு, மூடப்போகிற ஒரு ஸ்டுடியோவிலிருந்து பெரிய மரக் கேமரா ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு தடவைக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரே பிலிம். முக்காலி, தலைக்கு மேல் கறுப்புத் துணி. பட்டாளத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் பத்ரிநாத் அதைத் தூக்கிக்கொண்டு கூடவே போவார்.

போன மழைக்காலத்தில் அவளுடைய இடது கண்ணுக்கு நேர்க்கோடுகள் நெளிய ஆரம்பித்தன. வலது கண் ஏற்கெனவே மங்கல். விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, ஊசி போட்டுப் பார்க்கலாம், ஆனால் உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். ஊசிக்குப் பத்து நாள் தள்ளித்தான் தேதி கிடைத்தது. அதற்குள் பாலைவனத்தில் ஒரு சூரியோதயம் எடுத்தே ஆகவேண்டுமென்று விசாலாக்ஷி பிடிவாதமாக நின்றாள். பத்ரிநாத் இரண்டு நாள் தட்டிக்கழித்துவிட்டு, டிக்கெட் போட்டார்.

ஏழாம் நாள் விடியுமுன், ஜெய்சல்மேருக்கு அப்பால் ஒரு மணல்மேட்டின் எதிரே முக்காலியை நட்டார்கள். நல்ல குளிர். துணிக்குள் குனிந்து, கேமராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியைப் பார்த்தாள். தலைகீழாய் விழுந்த மேட்டு விளிம்பு புழுவாய் நெளிந்தது. கூர்மை திருத்தும் குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் ஒன்றுதான்.

"நீங்க பாருங்கோ. விளிம்பு கூரா இருக்கா?"

அவர் குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார். "ரொம்ப நன்னா இருக்கு, விசாலம்."

அந்தப் பதில் அவளுக்குத் தெரியும். புதுச் சேலைக்கும் உப்புக் குறைந்த ரசத்துக்கும் அதே பதில்தான். பார்த்ததைச் சொல்லுங்கள் என்றாள். நன்றாக இருப்பதாகவே மறுபடியும் சொன்னார். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது.

"ஏன்னா, எனக்கு ஆறுதல் வேண்டாம். தெரியறதா, இல்லையா?"

அவர் மறுபடி துணிக்குள் குனிந்து பார்த்தார். "தெரியலை. ஒரே கலங்கலா இருக்கு. எனக்கு இது பாக்கத் தெரியலை."

அவள் கோபப்படவில்லை. டார்ச்சை அவர் கையில் திணித்து, மேட்டைச் சுற்றிப் பின்பக்கமாக ஏறி உச்சியில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். இந்தப் பக்கத்து மணலில் ஒரு காலடி விழக்கூடாது என்று இரண்டு முறை சொன்னாள். கோடு நெளிந்தாலும், குமிழ் சரியான இடத்துக்கு வரும்போது ஒளிப்புள்ளி சுருங்கிப் பளிச்சென்று ஆகுமே, அது கண்ணின் ஓரத்துக்காவது தெரியும் என்பது அவள் கணக்கு.

பத்து நிமிஷமாயிற்று. ஆளைக் காணோம். மூச்சு வாங்கி எங்காவது உட்கார்ந்துவிட்டாரோ என்று பட்டது. கூப்பிட நினைத்தபோது உச்சியில் வெளிச்சம் தெரிந்தது. துணிக்குள் பாய்ந்தாள். புள்ளி பரந்தது, சுருங்கியது, மறுபடி பரந்தது. விரல் பின்வாங்கி நிறுத்திய இடத்தில் முள் முனையாய்க் குத்தியது. குமிழை இறுக்கி, பிலிம் சட்டத்தைச் செருகினாள். பின்னால் இறங்கிப் போகச் சொல்லிக் கை வீசினாள்.

அவர் அதை வா என்று புரிந்துகொண்டு, முன்பக்கமாகவே இறங்கத் தொடங்கினார்.

"நில்லுங்கோ!"

பாதி மேட்டில் நின்றுவிட்டார். அவருக்கு மேலே வரிசையாகக் காலடிகள். அதே நேரம் சூரியன் எட்டிப் பார்த்தது; மணலின் ஒவ்வொரு வரியும் நிழலோடு எழுந்தது. இரண்டு நிமிஷம்கூட நிற்காத வெளிச்சம். ஒருகணம் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு பிலிமை மூடியிருந்த மறைப்புத் தகட்டை உருவினாள்.

"அசையாதேங்கோ," என்றாள். லென்ஸை ஒரு விநாடி திறந்து மூடினாள்.

பூனா வந்த அன்றே குளியலறையை இருட்டாக்கிப் பிலிமைக் கழுவி, கொடியில் மாட்டினாள். பிலிமை விளக்குக்கு எதிரே பிடித்து, பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு பத்ரிநாத் வெகுநேரம் பார்த்தார்.

"மணல் வரி ஒண்ணொண்ணும் தெரியறது. காலடி அசிங்கமாத்தான் இருக்கு. என் தோள் கலங்கியிருக்கு, மேல்மூச்சு வாங்கிண்டிருந்தேன்."

அவள் நம்பினாள். குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

இதுவரை மூன்று ஊசி ஆகிவிட்டது. கோடுகள் இன்னும் முழுசாக நிமிரவில்லை. மேலும் வளையவும் இல்லை. அடுத்த ஊசி தீபாவளிக்கு முன்னால்.