செவ்வாய்ச் சண்டையும் ஜல்லித் தூள் மேடும்

போன வருடம் மாம்பழ சீசன் தொடங்கிய நேரம். நானும் என் நண்பனும் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளர்கள். அவனுக்கு வேப்பனப்பள்ளி. சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து பைக்கில் அவன் ஊருக்குக் கிளம்பினால் வழி முழுக்க ஒரே சண்டைதான்: செவ்வாயில் இப்போதும் தண்ணீர் கசிகிறதா?

அங்கே சில மலைச்சரிவுகளில் வெப்பமான பருவத்தில் கருப்புக் கோடுகள் நீளும், குளிர் வந்தால் மங்கிவிடும். அது உப்புத் தண்ணீர் என்பது என் கட்சி. காய்ந்த மணல் சரிகிறது, அவ்வளவுதான் என்பது அவன் கட்சி.

அப்படி ஒரு சனிக்கிழமை, சூளகிரி தாண்டியதும் ஒரு கல் கிரஷர் பக்கம் வண்டியை நிறுத்தினோம். ஜல்லித் தூள் மாடி வீட்டு உயரத்துக்குக் குவிந்திருந்தது. அதன் வெளுத்த சரிவில் நீளமாக ஒரு கருப்புக் கோடு.

"பார்றா, ஈரம். தொட்டே காட்டுறேன்," என்றேன்.

"வேணாம் மச்சி. சரியும்."

அவன் எச்சரித்தான். நான் அதையும் வாதமாகவே எடுத்துக்கொண்டு ஏறினேன். கோட்டுக்குள் கையை நுழைத்தால் துளி ஈரம் இல்லை. திரும்புவதற்குள் மேலிருந்த தூள் மொத்தமாக இறங்கியது. நெஞ்சு வரை புதைந்துவிட்டேன். மூச்சை விடும்போதெல்லாம், நெஞ்சு சுருங்கிய இடத்தைத் தூள் வந்து நிரப்பி இறுக்கியது.

கிரஷரில் ஜல்லி அள்ளும் லோடர் வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் ஓடி வந்தார். வண்டியால் அள்ளினால் மிச்சமும் இறங்கும் என்று எனக்கு மேல்பக்கம் பலகைகளைச் செருகினார். நண்பன் இன்னொரு பலகையில் மண்டியிட்டு, ஹெல்மெட்டால் தூளை வாரிக்கொண்டே கேட்டான்.

"அந்தக் கோட்டுல உப்பு இருக்குன்னியே, எப்படிக் கண்டுபிடிச்சாங்க? சொல்லு."

"மேல சுத்துற... விண்கலம்..."

"அந்தக் கருவித் தரவுலயே குழப்பம் இருக்குன்னு அப்புறம் சொன்னாங்களே?"

"எல்லா... எடத்துலயுமா..."

"உயிர் போற நேரத்துல என்னப்பா உப்பு?" என்று அதட்டினார் அண்ணன்.

"பேசவுடுங்கண்ணா. இவன் பதில் சொல்ற வரைக்கும் மூச்சு இருக்குதுன்னு அர்த்தம்." ஹெல்மெட்டை எறிந்துவிட்டு வெறுங்கையால் தோண்டத் தொடங்கினான்.

ஒருவழியாக என்னை வெளியே இழுத்துப் போட்டார்கள். அவன் விரல் நுனியெல்லாம் ரத்தம். தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டான், "ஈரம் இருந்துதா?"

"இல்லடா."

"ஒரு தூள் மேட்ட வெச்சி செவ்வாய முடிவு பண்ண முடியாது. உன் கட்சிய அதுக்குள்ள வுட்டுடாத."

செவ்வாயில் தண்ணீர் கசிகிறதோ இல்லையோ, ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை மறுத்துப் பேச அவன் இருக்கிறான், பதிலுக்குச் சண்டை போட நானும் இருக்கிறேன் என்பதே எனக்கு இன்றுவரை போதுமானதாக இருக்கிறது.