அம்மா வேண்டிக்கொண்ட கோலம்

என் மாமா கம்ப்யூட்டரில் மவுஸைத் தொடவே மாட்டார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டுவார். இத்தனை புள்ளி என்று ஓர் எண் போட்டு என்டரை அழுத்துவார். உடனே ஒரு சிக்குக் கோலம் வந்து நிற்கும். காட்டாங்குளத்தூரில் படித்துக்கொண்டு, சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பாடத்தில் நான்கு அரியர். கோலம் மட்டும் தவறாமல் வரும்.

எனக்கு எட்டு வயது. ஒருநாள் திரையில் வந்த கோலத்தைப் பார்த்து அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். இவன் அரியரை எல்லாம் முடித்தால் இதே கோலத்தை உன் வாசலில் போடுகிறேன் என்று தெருமுனைப் பிள்ளையாரிடம் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். பிள்ளையார் கைவிடவில்லை, அடுத்த தேர்விலேயே மாமா நான்கையும் தாண்டிவிட்டார். அன்றுதான் அம்மா வேண்டுதலை வெளியே சொன்னாள்.

"அந்தக் கோலத்தை எடுடா."

"அது போச்சுக்கா. ஒவ்வொரு தடவையும் வேற வரும். ஒவ்வொண்ணுக்கும் கம்ப்யூட்டரே தனியா ஒரு நம்பர் போடும், அதைக் குறிச்சு வெச்சிருந்தா அதையே வர வைக்கலாம்."

"வெச்சியா?"

"இல்லக்கா."

"கேஸ் வந்த தேதியை நான் காலண்டர்ல குறிச்சு வெக்கிறேன். நீ என்னத்தடா படிச்ச?"

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாமா என்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்த இன்னொரு ஆள் நான் என்பதால் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள் அம்மா. அடுப்படிக்கும் கம்ப்யூட்டருக்கும் அவள் நடந்த நடை கொஞ்சமில்லை.

"இது இல்ல. நடுவுல தாமரை மாதிரி இருந்துச்சு."

மாமா தட்டினார்.

"தாமரைன்னு சொன்னேன். இது காலிஃபிளவர்."

வெளியே பிள்ளைகள் ஷட்டில் ஆட என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார்கள். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா என் காதருகே குனிந்தார்.

"அடுத்தது எது வந்தாலும் அதான்னு சொல்லிடு. உங்கம்மாவுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது?"

அடுத்தது வந்தது. இதுதான், இதுதான் என்று இரண்டு பேரும் குரல் கொடுத்தோம். அம்மா வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதேவா?"

"பிள்ளையார் சத்தியமா இதேதான்மா." பொய்ச்சத்தியம் செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று தெரியும். இருந்தாலும் வெளியே ஷட்டில் காத்திருந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். மாமா முகத்தைப் பார்த்தாள்.

"சரி, பிரிண்ட் எடு."

மறுநாள் விடிந்ததும் கோயில் வாசலில் அந்தக் கோலத்தை ஓர் இழை பிசகாமல் போட்டாள். மாவுக் கிண்ணத்தோடு நின்ற நானும் மாமாவும் கண்ணால் சிரித்துக்கொண்டோம்.

பிறகு சந்நிதி முன் நின்று காதைப் பிடித்தாள். அம்மா எப்போதும் மூன்று தோப்புக்கரணம்தான் போடுவாள். அன்று மூன்று போட்டு, மாமாவைத் திரும்பிப் பார்த்து, மறுபடி மூன்று போட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். முழங்கால் வலியோடு இன்னும் மூன்று.

எண்ணிக்கையை விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "ஒன்பது ஆயிடுச்சும்மா, வா போலாம்" என்று புடவையைப் பிடித்து இழுத்தேன்.